ஒத்தையா ரெட்டையா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். சிறுவயது நினைவுகளை எழுத விரும்புகிறவர்களுக்குப் போன மாதம் நீங்கள் யோசனை சொல்லியிருந்தீர்கள். அதில் ‘துயரம் இல்லாத இடத்தில் எழுத ஒன்றும் இல்லை’ என்று ஒரு வரி வந்தது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர்த்துப் பேசுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் என் மகள் என்னிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, ‘நீயும் சித்தியும் சிரித்துச் சிரித்துப் பேசுவதையெல்லாம் எழுதும்மா’ என்று சொல்லியிருக்கிறாள். அந்த நோட்டை மூடி வைத்துவிடவா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நானும் என் தங்கையும் இரட்டைப் பிள்ளைகள். நான் பதினோரு நிமிடம் மூத்தவள். இருவருக்கும் 46 வயது. அப்பா செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். கடனும் இல்லை, பெரிய வசதியும் இல்லை. எங்கள் வாழ்க்கையில் கதை என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை.

மாம்பழக் காலத்தில் கூடை வரும். மல்கோவாவை அறுத்தால் இரண்டு கதுப்பு, ஒரு கொட்டை. கதுப்புக்குச் சண்டை இல்லை, ஆளுக்கு ஒன்று. கொட்டைக்குத்தான் சண்டை. அப்பா ஒரு சட்டம் போட்டார். ஒற்றைப்படைத் தேதியில் கொட்டை எனக்கு, இரட்டைப்படைத் தேதியில் அவளுக்கு. சில வருடம் அப்படியே ஓடியது. ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவள் கண்டுபிடித்துவிட்டாள். மே 31 எனக்கு, மறுநாள் ஜூன் 1ம் எனக்கே. அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. கடைசியில் 31ஆம் தேதிக் கொட்டை எங்கள் இருவருக்கும் கிடையாது, அம்மாவுக்கு என்று முடிவானது.

ஆடி ஒன்றாம் தேதி தெருவே தேங்காய் சுடும். நாருரித்த தேங்காயை வாசல் கல்லில் தேய்த்துத் தேய்த்து மொழுக்கென்று ஆக்குவோம். கண்ணைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, பாசிப்பருப்பு, வெல்லம், அவல், எள், பொட்டுக்கடலை எல்லாம் உள்ளே போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகி, மஞ்சள் பூசி நெருப்பில் காட்டுவோம். ஒரு வருடம் தேங்காய் வெடித்துச் சூடான பாகு என் கையில் தெறித்தது. அது தன் கை என்று தங்கை இன்றைக்கும் சாதிக்கிறாள். இரண்டு பேர் கையிலும் தழும்பு இல்லை. அப்புறம் சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை, சாமி வேஷம் கட்டியவர்கள் வண்டியில் ஊர்வலம் வருவது. அப்பா தோளில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து பார்த்தோம். அளவில்லா மகிழ்ச்சி.

மார்கழியில் அரையாண்டு லீவு விட்டதும் ஏற்காட்டுக்கு மேலே நாகலூரில் மாமா வீட்டுக்குப் போய்விடுவோம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் நான் அவள்மேல் சாய்வேன், அடுத்த வளைவில் அவள் என்மேல். ஆளுக்குப் பத்து. மாமாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. பழம் பறிக்கிற சமயம் அது. ஒரு படிப் பழம் எங்களுக்கென்று அளந்து கொடுப்பார். அதை வைத்து ‘ஒத்தையா ரெட்டையா’ ஆடுவோம். பழத்தை விரலில் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். பதில் வந்ததும் பிதுக்க வேண்டும். உள்ளே ஒரு கொட்டையா, இரண்டு கொட்டையா. நான் எப்போதும் ரெட்டை என்பேன். அவள் எப்போதும் ஒத்தை என்பாள். அதுவும் அளவில்லா மகிழ்ச்சி.

தங்கை மாமா மகனையே கட்டிக்கொண்டு மலையில் தங்கிவிட்டாள். நான் கீழே இருக்கிறேன். அம்மாவுக்கு 74 வயது, என்னோடுதான் இருக்கிறார். வைகாசியில் நான் மாம்பழம் அனுப்புவேன், தையில் அவள் காப்பித்தூள் அனுப்புவாள். அவ்வளவுதான் ஐயா. இதில் எழுத ஏதாவது இருக்கிறதா? எழுதுவதென்றால் சித்திரையில் தொடங்கி மாதவாரியாக எழுதட்டுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டை மூட வேண்டாம். மூட வேண்டியது என்னுடைய அந்த வரியைத்தான். யோசிக்காமல் எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அது பொய் என்று தெரிந்துவிட்டது.

கடிதத்தை வைத்துவிட்டு நான் முதலில் செய்தது காலண்டரை எடுத்து எண்ணியதுதான். வருடத்தில் 31 நாள் உள்ள மாதங்கள் ஏழு. அந்த ஏழு மாதம் முடிகிறபோதும் ஒற்றைப்படைக்காரருக்கு அடுத்தடுத்து இரண்டு நாள். மொத்தம் கூட்டினால் சாதாரண வருடத்தில் ஒற்றைப்படைத் தேதிகள் 186, இரட்டைப்படைத் தேதிகள் 179. லீப் வருடத்தில் பிப்ரவரி 29ம் உங்கள் பக்கம் சேர்ந்து 187 ஆகிவிடும். அப்பா நியாயமாக நினைத்துத்தான் போட்டிருக்கிறார், ஆனாலும் அந்தச் சட்டம் மூத்தவர் பக்கம் சாய்ந்த சட்டம். அதை ஒரு ஆறாம் வகுப்புப் பெண் கண்டுபிடித்திருக்கிறார். கணக்கு வாத்தியார் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. கொட்டை கிடைக்காத இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தது. ‘கதை என்று ஒன்றும் நடக்கவில்லை’ என்கிறீர்கள். இதைவிட என்ன நடக்க வேண்டும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். மல்கோவா சதைக்குப் பேர்போன பழம். அதன் கொட்டை பழத்தின் பருமனுக்குச் சின்னது. அதில் ஒட்டியிருக்கிற சதை எவ்வளவு இருந்துவிடப் போகிறது? ஆளுக்கு ஒரு முழுக் கதுப்பு கையில் இருக்கும்போது அதற்காகச் சண்டை போட்டிருக்கிறீர்கள் என்றால், சண்டை சதைக்காக இல்லை. கதுப்பை இரண்டாகப் பிரிக்கலாம், கொட்டையைப் பிரிக்க முடியாது. எல்லாமே இரண்டாக வந்த வீட்டில் அது ஒன்றுதான் ஒன்றாகவே வந்திருக்கிறது. சட்டை இரண்டு, சிலேட்டு இரண்டு, தட்டு இரண்டு, கொலுசு இரண்டு ஜோடி. கொட்டை மட்டும் ஒன்று. அதைச் சப்பிக்கொண்டு முற்றத்தில் உட்காரும் பத்து நிமிடம் ஒருவர் தனியாள், மற்றவர் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவர். அந்தப் பார்க்கிறவரின் முகம் உங்களுக்கு நினைவிருக்கும். அதை எழுதுங்கள். உங்கள் நோட்டின் முதல் பக்கம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்த 31ஆம் தேதி. நீங்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துபோன இடம் அது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். மாம்பழக் காலத்துக்குள் விழுகிற 31ஆம் தேதி என்று பார்த்தால் பெரும்பாலும் மே 31 ஒன்றுதான். அப்படியென்றால் உங்கள் அம்மாவுக்கு வருடத்துக்கு ஒரு கொட்டை. அதுவும் இரண்டு பிள்ளைகளின் கணக்கு உதைத்ததால் கிடைத்தது. அதற்கு முன்னால் அம்மாவின் பங்கு என்ன? கதுப்பு இரண்டும் உங்களுக்கு, கொட்டை உங்களில் ஒருவருக்கு. தோலை வழித்துச் சாப்பிட்டாரா? அப்பாவோடு இன்னொரு பழத்தைப் பங்கு போட்டுக்கொண்டாரா? அம்மா உங்களோடுதான் இருக்கிறார் என்பதால் கேட்டுவிடலாம். ஒரு மத்தியானம் சாப்பாடு முடிந்து அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது சும்மா கேட்பது போலக் கேளுங்கள். என்ன சொன்னாரோ அதை அவர் சொன்ன மாதிரியே எழுதிவிடுங்கள். திருத்த வேண்டாம்.

சரி, தேங்காய்க்கு வருகிறேன். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஆடி ஒன்று என்றாலே புகை வாசம் வரும். வேறு ஊரில் இருப்பவர்களிடம் தேங்காய் சுடுகிற நோம்பி என்று சொன்னால் நம்பக்கூட மாட்டார்கள். பாரதப்போர் ஆடி முதல் தேதி தொடங்கிப் பதினெட்டாம் தேதி முடிந்தது என்றும், அதற்கு முன் பிள்ளையாருக்குப் படைத்தது என்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். நீங்கள் செய்முறையைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது கை யாருடையது என்கிற தகராறுதான்.

நான் அந்தக் குகைப் பகுதியில் வளர்ந்தவன். எங்கள் அத்தைகள் இருவர் இரட்டையர். தறிக்காரர் வீடு. விடியற்காலையில் பாவடியில், அதாவது தறி நூலை நீட்டிக் கஞ்சி போடுகிற திடலில், பாவு நீட்டும்போது ஒரு கோடியில் பெரியத்தை நிற்பார், மறுகோடியில் சின்னத்தை. நடுவில் அத்தனை இழையும் நீண்டு கிடக்கும். கஞ்சி வாசம் அடிக்கும். பிள்ளைகள் நாங்கள் அடியில் குனிந்து ஓடுவோம். அவர்கள் இருவரும் அங்கிருந்தும் இங்கிருந்தும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். ஒருவர் ஆரம்பித்த வாக்கியம் மறுகோடியில் முடியும். சிறுவயதில் என் அப்பாவைத் தறிக்கம்பத்தில் கட்டிப் போட்டுவிட்டுக் கோயில் வேடிக்கை பார்க்கப் போன கதை ஒன்று உண்டு. பெரியத்தை சொன்னால் கட்டியது பெரியத்தை. சின்னத்தை சொன்னால் கட்டியது சின்னத்தை. இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கயிறு என்ன நிறம் என்பது வரைக்கும் ஒத்துப்போவார்கள், கட்டிய கையில் மட்டும் ஒத்துப்போக மாட்டார்கள். அப்பாவிடம் கேட்டால், ‘ஒருத்தி பிடித்தாள், ஒருத்தி கட்டினாள். எனக்கு எந்தக் கை யாருடையது என்று எப்படித் தெரியும்?’ என்பார்.

இது எங்கள் வீட்டு வினோதம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் இதை ஆய்வு செய்தே எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. மெர்சிடிஸ் ஷீன், சைமன் கெம்ப், டேவிட் ரூபின் என்ற மூன்று உளவியலாளர்கள் 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே சம்பவத்தை இரட்டையர் இருவருமே ‘எனக்கு நடந்தது’ என்று உறுதியாக நினைவுகூர்வதைப் பற்றிய கட்டுரை. இருவரில் யாரும் பொய் சொல்வதில்லை. இருவர் கண்ணிலும் அந்தக் காட்சி தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தவர், ஆயிரம் தடவை அதைப் பேசிப் பேசிக் கேட்டவர், ஒரு கட்டத்தில் அதற்குள் போய்விடுகிறார்.

ஆகவே பாகு தெறித்த கையை நீங்கள் தனியாக எழுதிவிடக் கூடாது. நீங்கள் எழுதினால் அது உங்கள் கை ஆகிவிடும். எழுத்தில் வந்ததுதான் உண்மை என்று நாளைக்கு உங்கள் மகள் நம்பிவிடுவாள்.

இப்போது காப்பிப் பழம். ஏற்காட்டில் காப்பி 200 வருடத்துப் பயிர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுபோய் வைத்தது. உங்கள் மாமா தோட்டத்துச் செடிகள் யார் வைத்ததோ, விளையாட்டு உங்களுடையது. காப்பிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு கொட்டை. ஒன்றோடொன்று அணைந்து வளர்வதால் உள்பக்கம் தட்டையாக, வெளிப்பக்கம் உருண்டையாக இருக்கும். சில பழத்தில் ஒரு கொட்டை வளராமல் போய்விடும். மிச்சமுள்ள ஒன்று இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டு முழு உருண்டையாகிவிடும். காப்பித்தூள் கடையில் பீபெரி என்று கேட்டு வாங்குவது அதைத்தான். தனியாகப் பிரித்து விற்பார்கள். நூறு பழத்தில் சுமாராக ஐந்திலிருந்து பத்து வரைதான் அப்படி இருக்கும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் விளையாட்டைப் பாருங்கள். நீங்கள் எப்போதும் ரெட்டை. பத்துக்கு ஒன்பது முறை ஜெயிப்பீர்கள். தங்கை எப்போதும் ஒத்தை. பத்துக்கு ஒன்பது முறை தோற்பார். மே 31ஐயும் ஜூன் 1ஐயும் பிடித்த பெண்ணுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? நிச்சயம் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒவ்வொரு மார்கழியும், ஒரு படிப் பழம் தீருகிற வரைக்கும், ஒத்தை என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டு முற்றத்தில் ஒரு நாள் அநியாயத்தைப் பொறுக்காதவர் காப்பிக் களத்தில் தோற்றுக்கொண்டே சிரித்திருக்கிறார். ஏன்? நீங்கள் ஜெயிப்பதைப் பார்க்கப் பிடித்ததா, அந்தப் பத்தாவது பழம் பிதுங்கி உருண்டையாக ஒன்று விழுகிற நொடிக்காகக் காத்திருந்தாரா? உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரே முகம், ஆள் மாறாட்டம் என்றே போகிறார்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்களை வேறுபடுத்துகிற இடங்கள்தான் முழுக்க இருக்கின்றன. அந்த வழியிலேயே போங்கள்.

சிலவற்றைக் கண்டித்தும் சொல்ல வேண்டும். இரண்டு இடத்தில் ‘அளவில்லா மகிழ்ச்சி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு இடத்திலும் எனக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. வண்டி வேடிக்கையில் என்ன பார்த்தீர்கள்? வண்டியின் மேல் சாமி வேஷம் கட்டி அசையாமல் நின்றவருக்குக் கண்ணில் வேர்வை விழுந்ததைப் பார்த்தீர்களா? அப்பாவின் எந்தத் தோள் உங்களுக்கு, எந்தத் தோள் தங்கைக்கு? கூட்டத்தில் யார் முதலில் தூங்கினது? கொண்டை ஊசி வளைவைப் பற்றி எழுதும்போது மகிழ்ச்சி என்ற சொல்லே உங்களுக்குத் தேவைப்படவில்லை. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்ததைச் சொன்னீர்கள், போதும். கதுப்பைப் போலவே உங்கள் இருவருக்கும் சண்டையில்லாமல் பங்கு பிரிந்தது அந்தப் பாதை. வளைவு இருபது, அதுவும் இரட்டைப்படை. (இறங்கும்போது கணக்கு எந்தப் பக்கமிருந்து? மேலிருந்து ஒன்றா, இருபதா? இதையும் எழுதுங்கள், ஒரு தகராறு இருந்திருக்கும்.)

மாதவாரியாக எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பன்னிரண்டு மாதத்தையும் வரிசையில் நிறுத்தினால் புரட்டாசிக்கும் மாசிக்கும் எதையாவது தேடிப் பிடிக்க வேண்டிவரும். உங்களுக்கு வந்தது மூன்று காலம்: கொட்டையின் காலம், தேங்காயின் காலம், காப்பிப் பழத்தின் காலம். நடுவில் ஒரு கார்த்திகை மாவளியோ, பொங்கல் கரும்பில் அடிக்கரணை யாருக்கு என்பதோ தானாக வந்தால் வரட்டும். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆனால் நான்காவதாக ஒன்று உண்டு, அதை நீங்கள் ‘அவ்வளவுதான்’ என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். இப்போது நடப்பது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சம். அதற்குள் வெயில் ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும், காது அடைத்துத் திறக்கும். சிறுவயதில் உங்கள் இருவருக்கும் ஒரே வெயில், ஒரே மழை. ஒரே வேளையில் வேர்க்குரு, ஒரே வேளையில் சளி. இப்போது ஒரே நாளில் உங்களுக்கு ஒரு பருவம், அவருக்கு ஒரு பருவம். பங்குனி வெயிலில் நீங்கள் மொட்டைமாடியில் வடகம் காயப் போடும்போது, மேலே ஒரு மழை பெய்து, அடுத்த வாரம் பத்து நாளில் அவர் தோட்டம் முழுக்கக் காப்பி வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல மணக்கும். மூன்று நாலு நாளில் அது உதிர்ந்தும்விடும். நீங்கள் கன்னங்குறிச்சியில் நிமிர்ந்தால் மலை தெரியும், மேகம் இறங்கியிருந்தால் தங்கைக்கு என்ன பொழுது என்று தெரிந்துவிடும். அவர் ஏற்காட்டு மலை விளிம்பில் நின்று ராத்திரியில் பார்த்தால் சேலத்து விளக்குகள் தெரியும். அதில் எது உங்கள் வீடு என்று தேடுவாரா?

போனில் நீங்கள் இருவரும் முதலில் கேட்பது என்ன? ‘சாப்பிட்டியா’வா, ‘அங்கே மழையா’வா? மாம்பழக் கூடை எந்தத் தேதியில் மலையேறுகிறது? அதில் கொட்டைக் கணக்கு இன்னும் இருக்கிறதா? தையில் வருகிற காப்பித்தூளில் அவர் ஒத்தைக் கொட்டையை மட்டும் பொறுக்கி அரைத்து அனுப்பியது ஒரு தடவையாவது உண்டா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் எனக்குப் பதில் வேண்டாம், நோட்டுக்கு வேண்டும்.

ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். தேங்காய் வெடித்த இடம் வந்ததும் நிறுத்தி, அடியில் அரைப் பக்கம் காலியாக விட்டுவிடுங்கள். அடுத்த தடவை மலைக்குப் போகும்போது நோட்டைக் கொண்டுபோய்த் தங்கை கையில் கொடுங்கள். அது தன் கைதான் என்பதை அவரே தன் கையெழுத்தில் அந்த அரைப் பக்கத்தில் எழுதட்டும்.

அன்புடன்.